மாப்பிள்ளை செய்த வெப்சைட்டும் பதினான்கு பாட்டில் நார்த்தங்காயும்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை கோகுல்நாத் அவர்களுக்கு,

ஆவடி சேக்காட்டிலிருந்து தங்கள் மாமனார் பக்தவத்சலம் எழுதுவது. தாங்களும் ரேவதியும் கோயம்புத்தூரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் தங்கள் அத்தை நாகவல்லியும் சுகம். மாடியில் காயப்போட்ட வடகம் மட்டும் நேற்றைய மழையில் சுகமில்லாமல் போயிற்று. போனில் பேசினால் நான் குரலை உயர்த்திவிடுவேன், மாப்பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது என்று நாகவல்லி சொன்னதால் கடிதமாக எழுதுகிறேன்.

விஷயம் நமது ஊறுகாய்க் கடையின் வெப்சைட் பற்றியது. தலை தீபாவளிக்கு மாமனார்தான் மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டும். தாங்களோ எங்களுக்கு ஒரு வெப்சைட்டே செய்து கொடுத்தீர்கள். திறந்தவுடன் நாதஸ்வரம் ஒலிப்பதையும் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போவதையும் என்னோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் காட்டிவிட்டேன். அதில் குறை என்று எதுவும் கிடையாது. சின்னச் சின்ன விஷயங்கள்தான். எழுதினால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

போன வாரம் பாரிவாக்கத்திலிருந்து அருள்மொழி என்ற பெயரில் ஓர் ஆர்டர் வந்தது. நார்த்தங்காய் ஊறுகாய், பதினான்கு பாட்டில். நாம் கடை தொடங்கி இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததே இல்லை. கல்யாண வீடாக இருக்கும் என்று நாகவல்லி சொன்னாள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பைகளை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, மூன்றாவதைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இறங்கி இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னா சார், கடயே எத்துகினு வந்துகீற?" என்றார். அவர்தான் அருள்மொழியின் தம்பி டில்லிபாபு. உள்ளே கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தப் பெண் மட்டும் இருந்தார். பாட்டில்களைத் தடவித் தடவி எண்ணினார். அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்பது எனக்குப் புரிந்தது.

"சார், நான் கேட்டது ஒரே ஒரு பாக்கெட் பருப்புப் பொடி. நாளைக்குத் தம்பிக்குப் பொறந்த நாள். அவனுக்குத் தெரியாம வாங்கணும்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார்.

மாப்பிள்ளை, எனக்கு உடனே கோபம்தான் வந்தது. முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். தப்பு எங்கள் பக்கம் இருக்காது என்று சொல்லிவிட்டேன். அவர் சண்டை போடவில்லை. கைப்பேசியை எடுத்து, "நீங்களே கேளுங்க சார்" என்றார். அதற்குள் ஸ்கிரீன் ரீடர் என்று ஒரு குரல் இருக்கிறது. விரல் படும் இடத்தில் திரையில் என்ன இருக்கிறதோ அதைப் படித்துச் சொல்லும். ஒரு செய்தித்தாளின் வெப்சைட்டை மணி மாதிரி படித்துக் காட்டியது. பிறகு நம் வெப்சைட்டைத் திறந்தார். முதலில் நாதஸ்வரம் கிளம்பி அந்தக் குரலையே அமுக்கிவிட்டது. நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடிக்க அவர் விரலால் துழாவத் துழாவ, "பட்டன். பட்டன். படம். ஐ எம் ஜி நாலு நாலு ஒன்று ஏழு. பட்டன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நாலு நாலு ஒன்று ஏழு என்பது நாகவல்லியின் ஆவக்காய். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

நடந்தது இதுதான். எந்தப் படம் எந்தப் பொருள் என்று தெரியாமல் மூன்றாவதைப் பொடி என்று ஊகித்திருக்கிறார். பக்கத்தில் வெறும் 'பட்டன்' என்று இருப்பது என்ன என்று பார்க்க அதை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஏறியிருக்கிறது; அதை அந்தக் குரல் சொல்லவே இல்லை. கடைசியில், வாங்குபவர் மனிதர்தானா என்று சோதிக்க, படத்தில் உள்ள பேருந்துகளையெல்லாம் தொடச் சொல்லியிருக்கிறது.

"ஊறுகாய் கடைக்குப் பஸ் எதுக்கு சார்? யாருக்குத் தெரியக்கூடாதோ அந்தத் தம்பியத்தான் கூப்பிட்டேன். பஸ்ஸ மட்டும் தொடுடா, வேற எதையும் பாக்காதன்னேன்."

டில்லிபாபு வாசலிலிருந்தே, "நா பஸ்ஸ மட்டுந்தான் பாத்தேன் சார், சத்தியமா!" என்றார்.

"எல்லாரும் இப்படிக் கடைசி வரைக்கும் போராட மாட்டாங்க சார். வாங்க முடியலன்னா சொல்லாமலே போயிடுவோம். எனக்கு வேணுங்கிறத நானே பாத்து வாங்கணும், அவ்ளோதான்" என்று அருள்மொழி சொன்னது எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பேர் நம் வாசல் வரை வந்து, கதவு எது என்று தெரியாமல் திரும்பிப் போனார்களோ! கண்ணால் பார்த்தே எல்லாவற்றையும் பாஸ் பண்ணியவன் நான். காதால் ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

என்னால் ஆனதை நானே சரி செய்யலாம் என்று இறங்கினேன். படம் ஏற்றும் இடத்தில் அதன் விவரத்தை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நான்தான் எப்போதும் காலியாக விட்டுவிடுவேன். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எழுதினேன். அருள்மொழியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிப் போன் செய்தேன். எங்கள் போன் ஸ்பீக்கரில் இருந்தது, நாகவல்லி மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் குரல் கணீரென்று படித்தது: "படம். என் மனைவி நாகவல்லி. பச்சைப் புடவை. கோபமாக இருப்பது போலத் தெரியும், பயப்பட வேண்டாம், முகமே அப்படித்தான். இவள் கை பட்டால் உப்பு ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது."

அருள்மொழி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். நாகவல்லி காம்பைக் கிள்ளி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கடைசி வரிய இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லுங்க" என்றாள்.

பாட்டில்களை அன்றே திரும்பக் கொண்டுவந்து, பருப்புப் பொடியைத் தம்பியின் பிறந்த நாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். 'இன்னும் சுருக்கமா எழுதுங்க சார், ஆவக்காய்க்கு ஒரு பக்கம் வேணாம்' என்பது அருள்மொழியின் ஆலோசனை. அதுவும் ஆயிற்று. பட்டன்களுக்குப் பெயர் வைப்பது, நாதஸ்வரத்தை அடக்குவது, அந்தப் பேருந்துகளை ஓரம் கட்டுவது ஆகிய மூன்றும் எனக்கு வராது. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளாமல், சௌகரியப்படும்போது, அருள்மொழியிடமே கேட்டுக் கேட்டுச் சரி செய்து தந்தால் பெரிய உபகாரமாக இருக்கும். தங்கள் உழைப்பைக் குறை சொல்வதாக ஒருபோதும் நினைக்க வேண்டாம்.

தாங்கள் இருவரும் நீடூழி வாழ்க. ரேவதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
பக்தவத்சலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், பதமாக இருக்கிறதா என்று கேட்க ரேவதிக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்பா, அந்த வெப்சைட்ட செஞ்சது நான். நான் செஞ்சேன்னு சொன்னா மொத நாளே நூறு குத்தம் சொல்லுவீங்கன்னு அவர் பேரப் போட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறாள். அவள்தான் செய்தாள் என்று அன்றே தெரிந்திருந்தால் ஆவடி முழுக்கத் தமுக்கடித்திருப்பேன், மாப்பிள்ளை. போகட்டும். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. இதை அப்படியே அவளிடம் கொடுத்துவிடவும்; 'தாங்கள்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'ஏண்டி' என்று மாற்றிப் படித்துக்கொள்ளட்டும்.