நிலாப்பூனைக்கு வந்த அழைப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதுதான் முறை, ஆகவே நலம். அங்கே உன் மூட்டுவலியும் மாமாவின் முன்கோபமும் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்காகக் காகிதம் என்று கேட்பாய். என் போனை இப்போது வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். காகிதத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அதனால் இதுதான் பத்திரம்.

அக்கா, நடந்த அத்தனைக்கும் நீதான் காரணம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. இளையோர் மனநலமும் கைபேசியும் என்று ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எனக்குப் போன் போட்டு, "பிள்ளைங்க கையிலேர்ந்து போனைப் பிடுங்காதேடா, அவங்க உலகத்துக்குள்ள நாமளும் போகணும்" என்று சொன்னாயா இல்லையா? நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறவன். மேலிடம் எது சொன்னாலும் அதை அப்படியே நிறைவேற்றித்தான் பழக்கம். போகணும் என்றாய், போய்விட்டேன். எப்படித் திரும்பி வருவது என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார்களா?

என் மகள், அதாவது உன் மருமகள், பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து ஒரே எழுத்தில் குடும்பம் நடத்துகிறாள். "என்னம்மா பண்றே?" "ம்." "பரீட்சை எப்படி?" "ம்." "தட்டுல வெச்சது அப்படியே இருக்கே?" அதற்கும் ம்தான், கூடவே கதவு சாத்தும் சத்தம். போன் வெளிச்சத்தில் அந்த முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே வந்தது. உன் பேச்சு ஞாபகம் வந்தது. அவள் இருக்கும் தளத்தில் 'நிலாப்பூனை' என்ற பெயரில் ஒரு கணக்கைத் திறந்தேன். வேறு ஊர்ப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, படத்துக்கு ஒரு பூனை, பிடித்தது பாட்டும் தூக்கமும். அங்கே அவளுக்கு 'மழைத்துளி' என்று பெயர். மெதுவாக ஒரு வணக்கம் போட்டேன். அவ்வளவுதான் அக்கா, மடை திறந்தது! வீட்டில் ஒரு எழுத்துக்கு மேல் பேசாதவள் பூனையிடம் பத்தி பத்தியாகப் பேசினாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் பேச முடியாமல், எப்போது இவள் எழுந்து உள்ளே போவாள், பேசலாம் என்று காத்திருக்கும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் அவள், "எங்கப்பாகிட்ட எதைச் சொன்னாலும் 'நீ என்ன பண்ணே?'ன்னுதான் முதல்ல கேப்பாரு" என்று எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது. பூனை மூலமாக எனக்கு நானே சிபாரிசு செய்துகொள்ளலாமே என்று, "பாவம்ப்பா, உங்கப்பா நல்லவராத்தான் இருப்பார்" என்று போட்டேன். "நல்லவர்தான். ஆனா விசாரணைக் கமிஷன்" என்று பதில் வந்தது. அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மையை நானே என் கையால் அனுப்பவேண்டி வந்தது.

இதற்கிடையில் உன் தம்பி பெண்டாட்டி சும்மா இருப்பாளா? நான் குளித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள், ஒரு துளி கிடைத்தால் போதும், முழு வியாதியையும் சொல்லிவிடுவாள். "யாருங்க இந்த மழைத்துளி? 'உன்கிட்ட பேசினாத்தான் எனக்கு மூச்சே வருது'ன்னு எழுதியிருக்கா?" என்றாள். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் மகள் காதுக்குப் போய்விடும். "ஆபீஸ் விஷயம்" என்றேன். "தண்ணி ஆபீஸ்ல எவளுக்கு மூச்சு வரலை?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று முதல் என் தேநீரில் சர்க்கரை கிடையாது. தீர்ந்துவிட்டதாம். டப்பா நிறைய இருப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

ஆபீஸிலும் மானம் போனது. ஒரு கையில் வாரியத்தின் போன், இன்னொரு கையில் என் போன். தெருக்குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஒருவர் செய்தி அனுப்ப, "அழணும்னு தோணினா அழுதுடு, அடக்கி வெக்காதே. நான் இருக்கேன்" என்று அவருக்குப் பதில் போய்விட்டது. அதே நேரத்தில், இன்று வகுப்பில் யாருமே தன்னோடு பேசவில்லை என்று எழுதிய என் குழந்தைக்கு, "தங்கள் புகார் உரிய அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டு செல்லப்பட்டுள்ளது" என்று போய்விட்டது. குழாய்ப் புகார் கொடுத்தவர் நேரில் வந்து, இத்தனை வருஷத்தில் வாரியம் இப்படி ஆறுதலாகப் பேசியதே இல்லை என்று என் மேலதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாராம். குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. மகளிடம், "எங்க அப்பா போன்லேர்ந்து ஏதோ ஒட்டிக்கிச்சு" என்று சொல்லிச் சமாளித்தேன்.

கழுத்து திரும்பவில்லை என்று டாக்டரிடம் போனேன். அவர் என் கட்டைவிரலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், "எந்நேரமும் போன்ல என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டார். கடமை என்றேன். பெருமூச்சு விட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த துண்டறிக்கை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உன் கூட்டத்தில் கொடுத்ததும் அதுவாகத்தான் இருக்கும். படுக்கையில் போன் வேண்டாம், பதில் வரவில்லை என்று பதறவேண்டாம், நம்பகமான பெரியவர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்று போட்டிருக்கிறது. அந்த நம்பகமான பெரியவரே நான்தானே அக்கா! நான் யாரிடம் போவது?

இதுவரை சிரித்திருப்பாய். இனிமேல்தான் விஷயம். போன வாரம் அவள் பூனைக்கு எழுதியது இது: "ஸ்கூல்ல ஒண்ணு நடந்துடுச்சு. என் போட்டோவை வெச்சு ஒரு வேலை பண்ணியிருக்காங்க. வீட்ல சொல்ல முடியாது. இதுல டைப் பண்ணவும் முடியலை. அடுத்த வாரம் சனிக்கிழமை எங்க ஊர் லைப்ரரி வாசலுக்கு வர்றியா? நேர்ல சொல்றேன்." அக்கா, என்ன போட்டோ, யார் செய்தது, ஒன்றும் தெரியவில்லை. அப்பனாகப் போய்க் கேட்டால் ம் என்பாள், இல்லையென்றால் அதுகூடச் சொல்லமாட்டாள். பூனையாகப் போகலாம் என்றால் எனக்கு மீசை மட்டும்தான் பொருத்தமாக இருக்கிறது. பூனை வரவில்லை என்றால் இந்த உலகத்தில் அவள் நம்பியிருக்கும் ஒரே ஆளும் கைவிட்டதாக ஆகிவிடும். என் பெண் அந்த வாசலில் தனியாக நின்று ஏமாந்து திரும்ப நான் விடமாட்டேன்.

ஆகையால் உன் காலில் விழுந்து கேட்கிறேன். மாமாவின் தம்பி மகள் கல்லூரியில் நாடகம் போடுகிறாளே, பார்க்கச் சின்னப் பெண்ணாகத்தான் இருப்பாள், நம் பெண் அவளைப் பார்த்ததும் கிடையாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவளை ஏற்றி அனுப்பு. நிலாப்பூனை இதுவரை பேசியதையெல்லாம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், வழியிலேயே மனப்பாடம் செய்துகொள்ளட்டும். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டு தூண் பக்கத்தில் நிற்பேன். முக்கியமாக, "நீ என்ன பண்ணே?" என்று மட்டும் அவள் கேட்டுவிடக் கூடாது.

மாமாவுக்கு என் வணக்கங்கள். உன் பிள்ளைகளின் கண்ணும் கழுத்தும் மனசும் நூறு வயது வரை நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்புத் தம்பி

பி.கு.: அக்கா, யாரையும் பஸ் ஏற்றாதே. உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தைக்கா? நிலாப்பூனை விஷயமா?" என்றாள். "எப்படிம்மா தெரியும்?" என்றேன். "நான் அனுப்பினதும் பக்கத்து ரூம்ல டிங்னு சத்தம் கேக்குது. நான் பதில் போடலைன்னா நீங்க எழுந்து நடக்கிறது கேக்குது. முதல் வாரமே தெரியும்ப்பா" என்றாள். தெரிந்தும் ஏன் எழுதினாய் என்று கேட்டேன். "உங்ககிட்டதானே சொல்லணும்? நீங்க அங்கதானே காது குடுத்துக் கேக்குறீங்க" என்றாள். கதவு வரைக்கும் போனவள் நின்று திரும்பி, "சனிக்கிழமை நீங்களே வாங்க. ஆனா அப்பாவா வராதீங்க, நிலாப்பூனையா வாங்க" என்றாள்.