நின்றபடியே செடிக்குப் பெயர் சொல்பவர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. எந்தச் செடியைக் காட்டினாலும் மூன்று நொடிக்குள் பெயரைச் சொல்லிவிடுவார்கள். தொட மாட்டார்கள், முகர்ந்து பார்க்க மாட்டார்கள், "இது எங்கே முளைத்தது?" என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். முக்கியமாக, குனிய மாட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதாவது பார்க்க உதவும் ஒரே கருவியையும் விலக்கிவிட்டு, தீர்ப்பு வழங்குவார்கள்.

நீங்கள் அந்த வகை இல்லை, தெரியும். சும்மா விளையாட்டுக்கு ஒன்று கேட்கிறேன். தரையில் ஒரு செடி. ஒரு சாண் உயரம். ஒல்லியான நீண்ட இலைகள், ஒரே இடத்திலிருந்து நாலாபக்கமும் கிளம்பி, நுனி வளைந்து தொங்குகின்றன. என்ன செடி? சொல்லிவிட்டீர்களா? நல்லது. பதில் மனதிலேயே இருக்கட்டும்.

எங்கள் சான் பர்தோலோவில் இந்த வகையின் சிகரம் லிசென்சியாதோ அபுந்தியோ தெர்ராசாஸ். வெராக்ரூஸ் மலையடிவாரத்தில் பட்டம் வாங்கிய எவரும் லிசென்சியாதோதான். எதில் பட்டம் என்று கேட்பது மரியாதையில்லை. இவர் படித்தது பத்திரம் எழுதுகிற சட்டம். ஆனால் செடி, மழை, முழங்கால் வலி மூன்றிலும் ஊரில் கடைசி வார்த்தை இவருடையதே. பள்ளிக்கூட வாசலில் இருந்த எலுமிச்சைக் கன்றை ஆரஞ்சு என்றார். அது காய்த்த பிறகு, "புளிக்கிற ஆரஞ்சு" என்றார். அவர் தவறவில்லை, பாருங்கள். பழம்தான் தவறிவிட்டது.

ஆகஸ்டில் எங்கள் ஊர்ப் புனிதரின் திருவிழா. அதற்கு முந்தின ஞாயிறு ஊர்வேலை: வீட்டுக்கு ஒருவர் வெட்டுக்கத்தியோடு வந்து சதுக்கத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். வராதவருக்கு ஊர்ப்பழி. வந்தும் வேலை செய்யாமல் விரல் நீட்டுகிறவருக்குத் தலைமைப் பதவி. யார் விரல் நீட்டினார் என்று சொல்லவும் வேண்டுமா?

சதுக்கத்தின் ஓரப் பாத்தியில் தோன்யா எர்மெலிந்தா ஷோத்லா (தோன்யா என்பது எங்கள் ஊர் 'அம்மா') இரண்டு வாரம் முன்புதான் நாற்பத்திரண்டு கன்றுகள் நட்டிருந்தார். மலையில் மிஞ்சிய ஒற்றைக் கிழமரத்தின் விதையைப் பொறுக்கி, இலாகா அனுமதியோடு தன் வீட்டு மொட்டைமாடியில் நடத்தும் நாற்றுப்பண்ணையில் மூன்று வருஷம் வளர்த்தவை. மற்ற மரங்களையெல்லாம் லாரிக்காரர்கள் வேரோடு பெயர்த்து, வசதியானவர்களின் வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மழையில் பாத்தியெங்கும் புல் முளைத்து, கன்றுகளும் அதற்குள் கலந்து நின்றன.

வெட்டுக்கத்தியோடு வந்த செந்தே, பாவம், கேட்கத்தான் செய்தான்.

"லிசென்சியாதோ, இது கொஞ்சம் வேற மாதிரி இருக்கே. விட்டுடவா?"

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "புல்லு. வெறும் புல்லு. ஒண்ணு விடாம சீவு."

பதினொரு கன்று போய்விட்டது. வேலை செய்பவர்களுக்குத் தமால் என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்த எர்மெலிந்தா அதை நடுவழியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"டேய் செந்தே! கத்திய கீழ போடுடா! அது என் கன்னுடா!"

"லிசென்சியாதோ புல்லுன்னாரே, தோன்யா."

"அவரு சொன்னா உன் மீசையும் புல்லுதான். சீவிக்கிறியா?"

கூட்டம் சிரித்தது. லிசென்சியாதோ சிரிக்கவில்லை.

"விரலால மண்ணைத் தள்ளிப் பாருங்க, ஐயா," என்றார் எர்மெலிந்தா. "அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க."

அவ்வளவுதான் சோதனை. ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், நூலகம் வேண்டாம். ஒரு விரல், ஒரு முதுகு. லிசென்சியாதோவுக்கு இரண்டும் இருந்தன, வளையவில்லை. செந்தேதான் குனிந்து மண்ணைத் தள்ளினான். இலைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஒரு வீக்கம்.

"வெங்காயம் மாதிரி இருக்கே!"

"அதைத்தானே நானும் சொன்னேன்," என்றார் லிசென்சியாதோ. "காட்டு வெங்காயம்."

"புல்லுன்னீங்க?"

"மேல புல்லு. கீழ வெங்காயம்."

"கிள்ளி மோந்து பாரு, செந்தே. வெங்காய வாசனை வருதா?"

"ஒரு வாசனையும் இல்ல, தோன்யா."

"இலை ஓரத்துல விரலை வெச்சு உருவு."

"ஆ! ரம்பம் மாதிரி அறுக்குது!"

"இப்ப சொல்லு, என்ன அது?"

செந்தே விரலைச் சப்பிக்கொண்டே சொன்னான்: "யானைப்பாதம்!"

யானைப்பாதமேதான். வளர வளர அந்த உருண்டை பருத்து, யானை காலூன்றியது போல மண்மேல் உட்கார்ந்துவிடும். வறட்சிக்கு அதற்குள் தண்ணீர் சேர்த்து வைக்கும். உங்கள் நகரத்துக் கடைகளில் இதையே போனிடெயில் பாம், அதாவது குதிரைவால் பனை, என்று தொட்டியில் விற்கிறார்கள். அது பனையே இல்லை. அந்தப் பெயரை வைத்தவரும் நின்றபடியேதான் பார்த்திருப்பார்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? "தப்பாச் சொல்லிட்டேம்மா" என்போம். ஆனால் இந்த வகையினருக்கு அந்த வாக்கியம் பிறவியிலேயே கிடையாது. லிசென்சியாதோவின் குரல் உயர்ந்தது.

"ஓ! யானைப்பாதமா? அப்போ மலையிலேருந்து திருடினது! காட்டுக் கன்னைத் தோண்டுறது குற்றம்னு தெரியுமா உனக்கு? இப்பவே வன இலாகாவுக்கு போன் போடறேன். உன் நாற்றுப்பண்ணை அனுமதி இன்னியோட ரத்து!"

கவனித்தீர்களா? கால்மணி நேரத்துக்குள் புல், வெங்காயம், திருட்டுச்சொத்து. மதிப்பில்லாதது என்று நினைத்தவரை அது அவள் செடி, வெட்டலாம். மதிப்புள்ளது என்று தெரிந்த நொடியில் அது அவள் செடியாக இருக்கவே முடியாது, பிடுங்கலாம். இப்படியொரு தாவரவியலை எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள்? எல்லாக் கல்லூரியிலும்தான், பாடப்புத்தகத்தில் மட்டும் அச்சிடுவதில்லை.

கூட்டம் எர்மெலிந்தாவை விட்டு இரண்டடி நகர்ந்தது. சற்றுமுன் சிரித்த அதே கூட்டம். அனுமதி போனால் மொட்டைமாடியில் மிச்சமிருக்கும் நாற்றுகளையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 'இலாகா' என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஊரில் நிரபராதிக்குத்தான் முதலில் வேர்க்கும்.

எர்மெலிந்தாவுக்கு வேர்க்கவில்லை. மண்வெட்டியால் ஒரு கன்றைப் பக்குவமாகக் கிளப்பி, செந்தேயின் உள்ளங்கையில் தலைகீழாகக் கவிழ்த்தார். வேர்கள் பின்னிக்கொண்டு, மண்ணோடு சேர்ந்து, ஒரு டப்பாவின் வடிவத்திலேயே நின்றன. அடியில் வட்டமாக ஒரு அச்சு. நடுவில், பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் இருக்குமே, அதே முக்கோணம், அதற்குள் ஐந்து என்ற எண்.

"பால்கிரீம் டப்பா," என்றார். "மூணு வருஷம் தின்னு தின்னு சேத்தது. மலைக்குள்ள கிரீம் டப்பா முளைக்குதா, ஐயா?"

யாரோ விசில் அடித்தார்கள். எர்மெலிந்தா நிறுத்தவில்லை.

"காட்டுல தோண்டினதுக்கு வேர் அறுந்திருக்கும், கல்லு சிக்கியிருக்கும். போன் போடுங்க, இலாகா வரட்டும். என் மொட்டைமாடியில இருக்கிற அத்தனையையும் கவுத்துக் காட்டுறேன். அப்படியே உங்க வாசல்லயும் ரெண்டு நிக்குதே, என் இடுப்பளவு பருத்து, ஆளுக்கொரு பக்கமா. அதோட வேர்ல எந்த டப்பா அச்சு இருக்குன்னு பாத்துடலாமா?"

நெற்றியிலிருந்த கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

"அது... அது வேற ஜாதி. இசோத்தே."

இசோத்தே என்பது யானைப்பாதத்தின் சாயலில் வளரும் இன்னொரு மரம், எங்கள் சமையலறைச் சமாச்சாரம். அதன் வெள்ளைப் பூவை முட்டையோடு வதக்கித் தின்னாத வீடு ஊரில் இல்லை.

"அப்போ பூ விட்டதும் ஒரு குரல் கொடுங்க, லிசென்சியாதோ," என்றான் செந்தே. "முட்டையோட வந்துடறேன்."

வன இலாகாவுக்கு அன்று போன் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அனுமதி பிழைத்தது. முப்பத்தொரு கன்றுகள் பிழைத்தன. சீவப்பட்ட பதினொன்றையும் எர்மெலிந்தா பிடுங்க விடவில்லை. உருண்டை உயிரோடிருக்கிறது என்று வேலி கட்டினார். செப்டம்பரில் அவை ஒவ்வொன்றும் ஒரு தலைக்குப் பதிலாக இரண்டு, மூன்று தலைகளோடு துளிர்த்தன.

போன வாரம் சதுக்கத்துக்கு வெளியூர்க்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். லிசென்சியாதோ அந்தப் பாத்தியருகே, கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார்.

"யானைப்பாதம். பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டேன். கத்தரிச்சு விட்டாத்தான் கிளைக்கும்னு நான்தான் ஆள் வெச்சு வெட்டச் சொன்னேன்."

வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவரும் குனியவில்லை. அவர் வாசல் இசோத்தேக்களும் அப்படியே நிற்கின்றன. இன்னும் பூக்கவில்லை, வேரை யாரும் பார்க்கவுமில்லை.

போகட்டும், உங்கள் பதில் என்ன? புல்லா? கோரையா? வெட்டிவேரா? யானைப்பாதம் என்று சரியாகவேகூடச் சொல்லியிருக்கலாம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் உங்களுக்கு இலையை மட்டும்தான் காட்டினேன். "அடியில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கவே இல்லை.

கண்ணாடி மூக்கில்தானே இருக்கிறது? எதற்கும் ஒருமுறை நெற்றியைத் தடவிப் பாருங்கள்.