கறிவேப்பிலைக் கேஸ்

"பன்னெண்டு," என்றாள் சரசா.

விச்சு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் ராணுவக் கணக்கு ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவருக்கு எண்களைக் கேட்டாலே கொட்டாவி வரும்.

"நேத்து பதினாலு. முந்தாநாள் பதினேழு. ஏன்னா, காதுல விழறதா?"

"எது பன்னெண்டு?"

"கறிவேப்பிலை! மேல் கிளையில தளதளன்னு பதினேழு கொத்து இருந்தது. எவளோ தெனமும் ஒடிச்சுண்டு போறா."

"எவளோன்னு எப்படித் தெரியும்? எவனோவா இருக்கப்படாதா?"

"ஆம்பளைக்குக் கறிவேப்பிலை எந்த மரத்துல காய்க்கறதுன்னே தெரியாது."

"சமையலுக்கு யாராவது எடுத்திருப்பா. போனாப் போறது, விடு."

"போனாப் போறதா? நானே பொங்கலுக்கப்புறம் ஒரு எலையைத் தொடலைன்னா!"

அது சத்தியமான பேச்சு. அந்தச் செடி சாதாரணச் செடியில்லை. புனேயில் கட்கி ராணுவக் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு கராடியில் இந்த அடுக்குமாடி சொசைட்டிக்கு வந்தபோது, டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அதுதான் உட்கார்ந்து வந்தது. விச்சு பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார். அவர்கள் குடியேறிய ஏழாவது மாடி 702-இன் பால்கனியில் வெயில் எட்டிப் பார்க்காது. அதனால் கமிட்டியிடம் ஆறு தடவை நடந்து, பாதியாக அறுத்த நீல டிரம்மில் செடியை வைத்து, கீழே பம்ப் ரூம் பக்கத்தில் காம்பவுண்டுச் சுவரோரமாக இடம் வாங்கியிருந்தாள். இப்போது அது சுவருக்கு மேல் வளர்ந்து, ரோட்டில் யார் வருகிறார் யார் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. வளர்த்தவள் புத்தி செடிக்கும் வந்துவிட்டது என்று பி விங்கில் ஒரு பேச்சு உண்டு.

மரமாகும் வரை யாரும் இலை பறிக்கக்கூடாது என்பது சரசாவின் சட்டம். அடுப்படிக்குத்தான் ரக்மாபாய் இருக்கிறாளே! கேட்டைத் தாண்டி வளைவில் கைவண்டியில் காய் விற்பவள். கால் கிலோ வெண்டைக்காய் வாங்கினாலும் கொசுறாக ஒரு பிடி கறிவேப்பிலை வராமல் சரசா நகர மாட்டாள். பிப்ரவரியில் ஒரு நாள் ரக்மாபாய் "கடிபத்தா நஹி," கறிவேப்பிலை இல்லை என்று கையை விரித்தாளாம். சரசா பையிலிருந்த வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, அஞ்சு பேர் பார்க்க, திரும்ப வண்டியில் அடுக்கினாளாம். அன்றோடு சரி. அதற்கப்புறம் தினமும் இவள் தலை தெரிந்ததுமே பேப்பரில் சுற்றிய பொட்டலம் தயாராக இருக்கும்.

"மராட்டிக்காரியா இருந்தாலும் என்ன மரியாதை! தாயீ தாயீன்னு உருகறா," என்பாள் சரசா. தாயீ என்றால் மராட்டியில் அக்கா. சரசாவுக்கு அது தெரியும், ஆனாலும் அம்மா என்றே காதில் வாங்கிக்கொள்வாள்.

பிரச்சினை கறிவேப்பிலை இல்லை. தன் சொசைட்டிக்குள், மூன்று வாட்ச்மேன், பதினாறு கேமரா, வருகிறவன் முகத்தைப் படம் பிடிக்கும் ஆப் எல்லாம் இருக்கும் இடத்தில் ஒரு திருடி உலாவுகிறாள் என்பதுதான் பிரச்சினை.

சரசா யோசித்தாள். மராட்டிக்காரர்கள் போஹாவுக்கு, அதாவது அவல் உப்புமாவுக்கு, நாலு இலை போடுவார்கள், அவ்வளவுதான். தினமும் கொத்துக் கொத்தாக வேண்டியிருப்பது சாம்பார், ரசம், துவையல் பண்ணுகிறவர்களுக்கு. ஆக, ஆள் தமிழ். பி விங்கில் தமிழ்க் குடும்பம் நாலு. அதில் தன் வீட்டைக் கழித்தாள். வெங்கடேஸ்வரன் வீடு பூட்டிக் கிடக்கிறது, பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருக்கிறார்கள். மிச்சம் இரண்டு: 203-இல் தனியாக இருக்கும் சாஃப்ட்வேர் பையன் ஹரீஷ், 404-இல் கோயமுத்தூர் மல்லிகா.

முதல் நடவடிக்கையாக அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி டிரம்மில் கட்டினாள்: "இதில் கை வைப்பவர் குடும்பம் நன்றாக இருக்காது. இப்படிக்கு, 702."

சாயங்காலம் லிஃப்டில் ஹரீஷ் பிடித்துக்கொண்டான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பையன். தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது.

"ஆன்ட்டி, கீழே போர்டு பார்த்தேன். 702-ல டிஃபின் சர்வீஸ் ஸ்டார்ட் பண்ணீங்களா? எனக்கு மந்த்லி எவ்ளோ ஆகும்?"

"நீ ஆத்துல சமைக்கறதில்லையாடா?"

"நான் ரசம்கூட ஆன்லைன்ல ஆர்டர் போட்டுத்தான் மங்காவறேன், ஆன்ட்டி."

203 லிஸ்டிலிருந்து கழிந்தது. மிச்சம் ஒன்று. அந்த ஒன்று மறுநாள் காலை தானாகவே வாசலில் வந்து நின்றது.

"ஏனுங்க்கா, போர்டைத் தமிழ்ல எழுதியிருக்கீங்களே, அது யாருக்குங்க?"

"எல்லாருக்கும்தான்."

"இந்த பில்டிங்ல தமிழ் படிக்கத் தெரிஞ்சவ உங்களை விட்டா நான் ஒருத்திதானுங்க்கா."

"குத்தமுள்ள நெஞ்சுக்குத்தான் குறுகுறுக்கும், மல்லிகா."

சொன்ன பிறகு சரசாவுக்கே கொஞ்சம் அதிகம் என்று பட்டது. மல்லிகா திரும்பி லிஃப்டுக்குப் போய்விட்டாள். ஆனால் மத்தியானம் அவள் பெண் வைஷு வந்து, போன வாரம் மோர்க்குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பித் தந்தாள். வெறும் பாத்திரம். ஒரு சிட்டிகை சர்க்கரைகூட இல்லை. ஒன்பது வருஷ சிநேகிதத்தில் அந்தப் பாத்திரம் ஒரு நாளும் காலியாகத் திரும்பியதில்லை.

"பாத்தேளா! அவதான்! சந்தேகமே இல்லை!"

"நீ அவளைத் திருடின்னு சொன்னே. பின்னே பாத்திரத்துல பாயசமா வரும்?" என்றார் விச்சு.

ஆதாரம் வேண்டும் என்று முடிவு பண்ணினாள் சரசா. கராடியில் குப்பை பிரிக்காவிட்டால் வண்டிக்காரன் எடுக்க மாட்டான். ஈரக் குப்பை பக்கெட் தனியாக வாசலுக்கு வந்துவிடும். காலை ஏழு மணிக்கு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனாள். 404 வாசலில் குனிந்து, பக்கெட் மூடியைத் திறந்து, கையை விட்டாள். வாழைப்பழத் தோல், டீத்தூள், அடியில்... ஆமாம், கறிவேப்பிலைக் காம்பு! எடுத்து முகர்ந்தாள். வாசனையே இல்லை. சூப்பர் மார்க்கெட் சரக்கு, காகிதம் மாதிரி.

"கெட்டிக்காரி," என்று முணுமுணுத்தாள். "கடையில வாங்கின காம்பை வேணும்னே போட்டு வெச்சிருக்கா."

பதினாறு கேமராவில் ஒன்று நாலாவது மாடியில் இருந்தது. அரைமணியில் சொசைட்டி வாட்ஸப் குழுவில் சேர்மன் தேஷ்பாண்டே படம் போட்டார்: "உஷார்! முகத்தை மூடிய பெண் வீடு வீடாகக் குப்பை பக்கெட்டைத் திறந்து பார்க்கிறாள். பூட்டிய வீட்டை நோட்டம் பார்க்கும் கும்பலாக இருக்கலாம்."

முப்பத்தெட்டு பேர் பயந்தார்கள். ஒருவர் போலீஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். அப்புறம் மல்லிகா எழுதினாள்: "பயப்பட வேண்டாம். அது 702 ஆன்ட்டி. அவங்க கறிவேப்பிலை என் வயித்துல இருக்கான்னு தேடறாங்க."

அன்றைக்கு சரசா பகலில் வெளியே போகவில்லை. காய் வாங்க மட்டும் போனாள்.

"என்ன தாயீ, முகம் வாடியிருக்கு?" என்றாள் ரக்மாபாய், பொட்டலத்தை நீட்டியபடி.

"உலகத்துல யாரையும் நம்ப முடியலை ரக்மா," என்று உடைந்த ஹிந்தியில் சொல்லிவிட்டு, சரசா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. வீட்டுக்கு வந்ததும் விச்சுவின் மூக்கில் நீட்டினாள். "பாருங்கோ, கொசுறுல என்ன வாசனை! நேர்மையா இருக்கறவா கை பட்டாலே தனி."

அடுத்த நடவடிக்கைக்கு ஹரீஷ் உதவினான். தன் பழைய ஃபோனில் வீடியோ ஓடும்படி செய்து கொடுத்தான். "டென்ஷன் எடுக்காதீங்க ஆன்ட்டி. வெச்சுட்டு மறந்துடுங்க."

சரசா குளித்து, சஹஸ்ரநாமம் சொல்லி, ஏழு மணிக்குக் கீழே போய் பக்கத்திலிருந்த செம்பருத்திப் புதருக்குள் ஃபோனைச் செருகிவிட்டு வந்தாள். எட்டு மணிக்கு எடுக்கப் போனபோது ஃபோனைக் காணோம். சேர்மன் ஆபீஸில் ஒரே கூச்சல். பம்ப் ரூம் முன்னால் தினமும் யோகா செய்யும் பெண்கள் பதினோரு பேரும் அங்கே நின்றார்கள். புதருக்குள் யாரோ கேமரா வைத்து, அவர்கள் குனிவதையும் வளைவதையும் ஒரு மணி நேரம் படம் பிடித்திருக்கிறார்கள்.

"ஃபோன் யாருடையது?" என்று கத்தினார் தேஷ்பாண்டே.

"அது... என்னுது," என்றான் ஹரீஷ். பதினோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேர் கையில் சுருட்டிய பாய் இருந்தது.

"பையன் மேல தப்பில்லை!" என்று ஓடி வந்தாள் சரசா. "நான்தான் வெச்சேன். கறிவேப்பிலைக்கு!"

கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தேஷ்பாண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மராட்டி வழக்கப்படி அவருக்கு சரசா வஹினி, அதாவது அண்ணி.

"வஹினி, ஒரு வாரத்துல என்ன நடந்திருக்கு பாருங்க. சாபம் போட்டு போர்டு, குப்பையில கை, இப்ப இது. அந்த இடம் எல்லாருக்கும் பொது. தனி ஆளோட செடி அங்கே இருக்கறதே ரூல்படி தப்பு."

"திருடறவா மேல ஆக்‌ஷன் எடுக்காம செடி மேல எடுக்கறேளே!"

"சரி. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குள்ள திருடனைக் காட்டுங்க, செடி அங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா டிரம் உங்க பால்கனிக்குப் போகும்."

வெயில் படாத பால்கனிக்கு! அங்கே வைத்த துளசியே மூன்று தடவை போயிருக்கிறது.

சனிக்கிழமை, இன்னும் விடிந்தும் விடியாத நேரத்தில், பம்ப் ரூம் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கையில் டார்ச், மடியில் விசில். பக்கத்தில் விச்சு கொசு அடித்தார்.

"எண்ணிட்டேன்னா. நாலு கொத்து."

"நாலு கொத்துக்கு எனக்கு டெங்கு வரப்போறது."

சனிக்கிழமை காய்கறி மொத்த வியாபாரம் நடக்கும் மார்க்கெட் யார்டு லீவு. ரக்மாபாயின் வண்டிகூட இல்லாமல் ரோடு வெறிச்சென்று கிடந்தது. பால்காரன் போனான். பேப்பர்காரன் போனான். யோகாக்காரிகள் வந்து, புதரைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டுப் பாயை விரித்தார்கள். செடியின் பக்கத்தில் ஒரு காக்காய்கூட வரவில்லை. எட்டு மணிக்கு சரசா எண்ணினாள். அதே நாலு!

சேர்மன் வீட்டுக்கு ஓடினாள். "பாருங்கோ! நான் காவல் இருந்தேன், இன்னிக்கு ஒண்ணுகூடப் போகலை!"

தேஷ்பாண்டே டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்போ திருடனே இல்லைன்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. அப்படித்தானே வஹினி?"

ஞாயிறு பத்து மணிக்கு நாலு ஆட்கள் வந்து டிரம்மைப் பிடித்தார்கள். அசையவில்லை. அடி ஓட்டை வழியாக வேர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. "மெதுவா, மெதுவா" என்று சரசா சுற்றிச் சுற்றி வந்தாள். 'சடக்'கென்று ஒரு சத்தம். சரசா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்டில் டிரம் ஏழாவது மாடிக்கு வருவதற்குள் இலைகள் தொங்கிவிட்டன. கொஞ்ச நேரத்தில் காலிங் பெல் அடித்தது. மல்லிகா. கையில் ஒரு சொம்பு.

"புளிச்ச மோருங்க்கா. தண்ணி கலந்து வேர்ல ஊத்துங்க, பொழச்சுக்கும்."

சரசா வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் விச்சுவிடம் கிசுகிசுத்தாள்: "திருடினவளுக்கு மனசு உறுத்தறது, பாத்தேளா? இனிமே ஒருத்தரையும் நம்பப்படாதுன்னா. ரக்மா ஒருத்திதான் இந்த ஊர்லயே யோக்கியம்."

திங்கட்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு அந்த யோக்கியத்திடம் போனாள். அரைக்கிலோ தக்காளி, கால் கிலோ அவரைக்காய். எல்லாம் பைக்குள் போன பிறகு வழக்கம் போல் கையை நீட்டினாள்.

பொட்டலம் வரவில்லை.

சரசா ஒரு தக்காளியை எடுத்துத் திரும்ப வண்டியில் வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

ரக்மாபாய் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீ எல்லாக் காயையும் திருப்பி வெச்சாலும் இனிமே கிடையாது தாயீ! மார்க்கெட்டுல கடிபத்தா விக்கிற விலைக்கு எவ கொசுறு குடுப்பா? உனக்காகவேதான் தெனம் காலையில, இதோ இந்தச் சுவருக்கு மேல நீட்டிக்கிட்டிருந்த செடியில ரெண்டு மூணு கொத்து ஒடிச்சு வெச்சுக்கிட்டிருந்தேன். நேத்து எவளோ அதை வேரோட பிடுங்கிட்டுப் போயிட்டாளே!"