கீரைக்காகத் தண்ணீரை நிறுத்தியவர்

எங்கள் நெமிலிச்சேரி அடுக்ககத்தில் நாற்பது குடும்பங்களும் இன்று உயிரோடு இருப்பதற்குக் காரணம் வால்வு அண்ணன்தான். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மாடித் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுவது அவர் வேலை. மீதி நேரமெல்லாம் ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளைக்கீரை பறிப்பார். சாக்கடை கலக்கும் கரைப்பக்கம் போகவே மாட்டார். அவருடைய தாவரவியல் மிகச் சுருக்கம்.

"தண்ணி மேல படுத்துகினு கீதா, அது வள்ளை. கரையில நின்னுகினு கீதா, நெய்வேலிக் காட்டாமணக்கு. ரெண்டும் ஒரே மாதிரி பூக்கும். பூவப் பாத்து ஏமாந்தா ஆளு காலி."

இதைக் கேட்டிராத ஒரே ஆள், ஈரோட்டிலிருந்து மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த சுந்தரம். ஒரு ஞாயிறு காலை குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். பை நிறைய இலை, மேலே ஓர் ஊதாப் பூ. 'ஏரியில் நானே பறித்த வள்ளைக்கீரை. மதியம் கூட்டு.' பதினேழு பேர் கைதட்டியிருந்தார்கள். நான் படத்தை அண்ணனிடம் காட்டினேன்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "தண்டப் பாரு, சுள்ளி மாதிரி கீது" என்றவர் ஓடினார். மாடிக்கு என்று நினைத்தேன். வால்வுக்கு ஓடினார். மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் நின்றது.

"என்னண்ணே பண்றீங்க?"

"கழுவாம கீரையச் சட்டில போட மாட்டான்ல. இப்ப ஏறலாம் வா."

லிஃப்ட் மீது நம்பிக்கை இல்லாதவர், படியேறினார். இரண்டாம் மாடியில் தலை நிறைய ஷாம்பு நுரையோடு சங்கச் செயலாளர் எட்டிப் பார்த்தார். "குளிக்கிறதுக்கு இன்னா சார் அவசரம்" என்று அண்ணன் கடந்து போனார்.

சுந்தரம் வீட்டில் கீரை அடுப்பில் ஏறியிருந்தது. குழாயில் தண்ணீர் வராததால் கேன் தண்ணீரில் கழுவியிருந்தார். அண்ணன் நேராகப் போய்ச் சட்டியைத் தூக்கி சிங்கில் கவிழ்த்தார்.

"ஏனுங்க, எங்கூட்டுக் கீரையக் கொட்டறதுக்கு நீங்க யாருங்க?"

"மாடே மோந்து பாத்துட்டுப் போற செடி சார் இது. வெசம்."

சுந்தரத்தின் மனைவி இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டார்.

தண்ணீரை நிறுத்தியவரை வேலையிலிருந்து நிறுத்த மாலையில் சங்கம் கூடியது. செயலாளர் காகிதத்தை விரித்ததும் சுந்தரம் எழுந்தார்.

"அவர அனுப்பறதுன்னா நாங்களும் காலி பண்ணிக்கறமுங்க."

செயலாளர் காகிதத்தை மடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் ஒரு கட்டு நிஜ வள்ளையோடு, என்னையும் கூட்டிக்கொண்டு, சுந்தரம் வீட்டுக்குப் போனார். சுந்தரம் பருப்புப் போட்டுக் கடைந்தார். முதல் தட்டை அண்ணனே வாங்கிச் சாப்பிட்டார்.

"அரை மணி நேரம் பொறுங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீங்க துன்னுங்க."

"கீரை மேல இன்னுமா சந்தேகம்?" என்றேன்.

"கீரை மேல இல்ல நைனா. சமையல் மேல."

சொல்லிவிட்டு ஏரியில் தான் வழுக்கி விழுந்த கதைகளை ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கழிந்தும் நாங்கள் யாரும் தட்டைத் தொடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவர் கிளம்பிவிடுவாரோ என்றிருந்தது.