முடிச்சில்லாக் கயிறு

வெண்கரை நாட்டில் குற்றங்களை அளப்பதற்கு ஒரு கயிறு இருந்தது. கோட்டை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு கம்பத்தில் தொங்கும். ஆட்டைப் பறிகொடுத்தவனோ அடி வாங்கியவளோ, யார் வந்து முறையிட்டாலும் அதில் ஒரு முடிச்சு விழும். குற்றவாளி பிடிபட்டால் அவிழ்ப்பார்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள்கூட வாசலைக் கடக்கும்போது அண்ணாந்து பார்த்து, நாடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். முடிச்சுப் போடும் உத்தியோகம் மரகதத்துடையது. பன்னிரண்டு வருடத்தில் அவள் பொய்யாக ஒன்று போட்டதில்லை. போட வேண்டியதை விட்டதுமில்லை.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே ஓலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்போதும் அதே ராஜாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பது வேறு விஷயம். கடைசித் தடவை ராஜா ஏதோ உற்சாகத்தில், கயிற்றில் முடிச்சே இல்லாமல் செய்துகாட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதைக் காப்பாற்றும் பொறுப்பு குற்றக்குறைப்பு அமைச்சர் நெடுநல்லான் தலையில் விழுந்தது.

அமைச்சர் சுறுசுறுப்பானவர். குற்றவாளியைப் பிடித்த பிறகு முடிச்சை அவிழ்ப்பதால்தான் இத்தனை தாமதம் என்று கண்டுபிடித்து, முதலில் அவிழ்ப்பது, பிறகு சௌகரியம்போல் பிடிப்பது என்று வரிசையை மாற்றினார். ஊரார் வாய்க்குள்ளேயே அவருக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் உரக்கச் சொன்ன மூன்று பேரை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டார் வந்து அழுதபோது, ஆள் காணாமல் போவது இனிக் குற்றமல்ல, அதன் பெயர் ‘ஊர் போதல்’ என்று ஆணை வந்தது. ஆட்டைத் தூக்கிக்கொண்டு போவது ‘கேளாத கைமாற்று’ ஆயிற்று. அடிதடிக்கும் ஏதோ மரியாதையான பெயர் கொடுத்தார்கள்.

அப்படியும் கயிற்றில் ஒன்றிரண்டு முடிச்சுகள் மிஞ்சின. அமைச்சர் இரண்டு நாள் யோசித்து, சபையில் எழுந்து நின்றார்.

“குற்றம் என்பது யாது? கயிற்றில் விழும் முடிச்சு. முடிச்சு எதனால் விழுகிறது? முறையீட்டால். ஆகவே, இந்நாட்டில் குற்றங்களை உண்டாக்குபவர் முறையிடுபவரே.”

சபை கைதட்டியது. மறுநாள் காலை, களஞ்சியம் கொள்ளை போனதென்று சொல்ல வந்த உழவனைக் காவலர்கள் நிலவறைக்கு அழைத்துப் போனார்கள். அவன் திரும்பித் திரும்பி மரகதத்தைப் பார்த்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகு கோட்டை வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. கயிறு மொட்டையாகத் தொங்கியது. ஊரில் பட்டப்பகலில் மூன்று தாழ்ப்பாள் போட்டார்கள்.

இப்படியிருக்க ஒரு முற்பகலில் மரகதத்தின் தங்கை பவளம் எண்ணெய் வாங்கிவரச் சந்தைக்குப் போனாள். திரும்பவில்லை. மரகதம் சந்தையில் ஒவ்வொரு கடையாகக் கேட்டாள். எல்லோரும் தராசையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். வீட்டில் தாய் மங்கம்மா சோறு தண்ணி இல்லாமல், ஒரு முடிச்சுப் போடடி, ஒரே ஒரு முடிச்சுப் போடடி என்று இரண்டு நாள் கெஞ்சினாள். மரகதம் யோசித்துப் பார்த்தாள். போட்டால் தானும் நிலவறைக்குப் போக வேண்டும். தாய்க்கு ஒரு பெண்ணும் மிஞ்சமாட்டாள். மூன்றாம் நாள் அமைச்சரிடமே போய் நின்றாள்.

“உன் தங்கை ஊர் போயிருக்கிறாள், அம்மா,” என்றார் அமைச்சர்.

“எந்த ஊருக்குங்கய்யா?”

“அதைக் கண்டுபிடிக்கும் சிரமம் இப்போது நமக்கு இல்லை. நாளை உனக்கு வேறு முக்கியமான வேலை இருக்கிறது.”

குற்றமே இல்லாத நாடு என்ற புகழ் கடல் தாண்டிப் போயிருந்தது. அதைச் சரிபார்க்க ஒரு வெளிநாட்டு அறிஞர் வந்து இறங்கியிருந்தார். வாசலில் தொங்கும் கயிற்றை அவர் நம்பவில்லை. முறையிடாத குற்றங்கள் வீட்டுக்குள் கிடக்கும், வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் உண்மை அளவு தெரியும் என்பது அவர் கொள்கை. அமைச்சர் மகிழ்ச்சியோடு சம்மதித்து, துணைக்குத் தானே வருவதாகச் சொன்னார். அறிஞருக்கு நாட்டின் மொழி தெரியாது. அதனால் ஒரு புதுக் கயிற்றை மரகதத்திடம் கொடுத்து, ஆம் என்று சொல்லும் வீட்டுக்கு ஒரு முடிச்சு என்று ஏற்பாடாயிற்று.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் யாருக்காவது தீங்கு நேர்ந்ததா என்று காவலர் ஒருவர் ஒவ்வொரு வாசலிலும் உரக்கப் படித்தார். கதவு திறந்தவர்கள் அறிஞரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற அமைச்சரைப் பார்த்து, இல்லை என்றார்கள். பகலில் இத்தனை தாழ்ப்பாள் ஏன் என்று அறிஞர் சைகையில் கேட்டார். மக்கள் வீட்டுக்குள் நிம்மதியாக இருப்பதற்கு அடையாளம் என்று அமைச்சர் சைகையிலேயே விளக்கினார். நாற்பது வீடு கடந்து மரகதத்தின் வீடு வந்தது.  அம்மா உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று அவள் பயந்தாள். சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயந்தாள்.

மங்கம்மா அமைச்சரைப் பார்த்தாள், மூத்த மகளைப் பார்த்தாள்.

“ஒண்ணும் நடக்கலைங்க. இந்த வீட்ல நாங்க ரெண்டு பேருதான். எப்பவுமே ரெண்டு பேருதான்.”

தன்னைக் காப்பாற்றத்தான் அம்மா அப்படிச் சொன்னாள் என்று மரகதத்துக்குத் தெரியும்.  உன் தாயார் நல்ல குடிமகள் என்று அமைச்சர் அவள் காதருகே மெச்சினார்.

அடுத்த வீடு சாயக்காரி அழகாத்தாளுடையது. கதவைத் திறந்தவள் வாசலில் மரகதத்தையும் அமைச்சரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் முகம் வெளுத்தாள். காவலர் ஓலையை விரிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டாள்.

“நான் பார்க்கலைங்க. பவளத்தை வண்டியில தூக்கிப் போட்டது யாருன்னு நான் பார்க்கவே இல்லைங்க.”

 மற்ற வீடுகளைவிடப் பதில் நீளமாக இருந்ததால் அறிஞர் ஆவலோடு மரகதத்தின் கைகளைப் பார்த்தார். அமைச்சரும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்.

மரகதம் முடிச்சில்லாத அந்தக் கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்து, அறிஞருக்கு நன்றாகத் தெரியும்படி, விறைப்பாக இழுத்துக் காட்டினாள்.