வெள்ளை ஜெர்சிக்கு ஒரு பாக்கெட் சாம்பார்

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் ஒருவர் வெறும் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தால் நம்மால் சும்மா இருக்க முடியாது. சாப்பிடுவது அவர், விக்கல் வருவது நமக்கு. "சாம்பார் ஊத்திக்குங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அவர் வேண்டாமென்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் விரல் இடுக்கு வழியாக ஊற்றிவிட்டு நகர்வோம். எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் இருந்தது. அது எவ்வளவு முற்றியிருந்தது என்பதை ஒரு சைக்கிள் பந்தயத்தின்போதுதான் நானும், நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த உலகமும் தெரிந்துகொண்டோம்.

அப்போது நான் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கிளமெண்டியில் அலுவலகம், புக்கிட் மேராவில் அக்கா வீட்டில் ஜாகை. அக்கா வீட்டுக்காரர் லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே கல்லாவில் உட்காருவேன். (சம்பளம் கிடையாது. இட்லிக்குக் கணக்குக் கிடையாது. நஷ்டம் மாமாவுக்குத்தான்.)

அந்தக் கல்லாவில் உட்கார்ந்துதான் கவிதாவை முதலில் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். ஞாயிறு காலையில் தம்பி பிரகாஷோடு வருவாள். அவன் உடம்போடு ஒட்டிய சைக்கிள் உடுப்பில், ஹெல்மெட்டைக் கழற்றாமல் நுழைவான். முதல் தடவை அவனைப் பார்த்தபோது மாமா கவலையோடு கேட்டார்: "தம்பி, அவசரத்துல பேன்ட்ட மறந்துட்டு வந்துட்டீங்களா?"

பிரகாஷ் தொழில்முறைச் சைக்கிள் வீரன். அதுவும் மலை ஏறுவதில் கெட்டிக்காரன். சிங்கப்பூரில் பிறந்துவிட்டு மலை ஏறுவதில் கெட்டிக்காரனாக இருப்பது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 'புக்கிட்' என்றால் மலாய் மொழியில் குன்று என்பார்கள். நான் குடியிருந்த புக்கிட் மேராவில் நான் ஏறிய அதிகபட்ச உயரம், லிஃப்ட் பழுதான அன்று ஏறியதுதான். அவனோ ஃபேபர் மலையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, அங்கிருக்கும் குரங்குகளுக்கே அலுத்துப்போகும்வரை பயிற்சி செய்வான்.

ஒருநாள் பில் போடும்போது கவிதா கேட்டாள். "உங்களுக்கு சைக்கிளிங்ல இன்ட்ரெஸ்ட் இருக்கா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? ஐரோப்பாவுல நடக்குற அந்தப் பெரிய மலைப் பந்தயத்த சின்ன வயசுலேர்ந்து விடாம பாக்குறேன்" என்றேன்.

(நான் கடைசியாகச் சைக்கிளைத் தொட்டது எட்டாம் வகுப்பில். அதுவும் விழுந்த பிறகு தூக்கி நிறுத்துவதற்காக.)

அன்றிரவு வீட்டுக்குப் போய் வீடியோ வீடியோவாகப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பந்தயம் ஒரே நாளில் முடிகிற சமாச்சாரம் இல்லை. நாளுக்கு ஒரு கட்டமாகப் பல நாள் ஓட்டுவார்கள். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருடையது குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. இளையவர்களில் யார் முதலோ அவருக்கு வெள்ளை ஜெர்சி. மறுநாள் பந்தயத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதை வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நிபுணராக வாழ்ந்தேன்.

நான்காவது வாரம் மலேசியாவில் அப்படியொரு பந்தயம் நடந்தது. பிரகாஷின் குழு ரொம்பச் சின்னது. இருக்கிற நாலைந்து உதவியாளர்களில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. தம்பிக்கு உதவியாகக் குழுவோடு போயிருந்த கவிதா அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"பிரகாஷ் இப்ப வெள்ளை ஜெர்சில இருக்கான். லாஸ்ட் ஸ்டேஜ் ஞாயித்துக்கிழமை, கேமரன் மலை. அதுவரைக்கும் ஜெர்சியக் காப்பாத்திட்டான்னா யூரோப் டீம் ஒண்ணு ட்ரையலுக்குக் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கு. நாலு வருஷமா இதுக்குத்தான் கஷ்டப்படுறான். ஒரு கை குறையுது. நீங்க வர முடியுமா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

எல்லாம் தெரிந்தவன் எப்படி மறுப்பது? சரி என்றேன்.

"வரும்போது ரைஸ் கேக் வேணும். ஓட்டும்போதே சாப்பிடுறதுக்கு. சோத்த நல்லா அமுக்கி, குட்டிக் குட்டியா ஃபாயில்ல சுத்தணும்."

"அட, அது இட்லிதாங்க. எங்கிட்ட விட்டுடுங்க."

"இட்லியும் ஓகேதான். ஆனா ப்ளெய்ன். காரம் கூடாது. தண்ணியா ஒண்ணும் கூடாது. ப்ராமிஸ்?"

சத்தியம் செய்தேன்.

மாமாவிடம் வந்து வெறும் இட்லி வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. "வெறும் இட்லியா? யாருக்கு ஆஸ்பத்திரில?" என்றார். விளக்கினேன். தலையை ஆட்டினார். அவர் கடையில் இட்லி கட்டுகிற கை, சாம்பார் கட்டாமல் நின்று நான் பார்த்ததில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் சாம்பாரை ஊற்றி, காற்றைப் பிடித்து, ரப்பர் பேண்டைச் சுண்டிச் சுற்றி, குட்டித் தலையணை போல டப்பென்று வைப்பார். பார்சல் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஃபாயில் சுற்றிய இட்லிகளுக்குப் பக்கத்தில் ஐஸ் மேல் வரிசையாகக் குட்டித் தலையணைகள் படுத்திருந்தன.

"மாமா, சாம்பார் வேணாம்னு சொன்னேனே."

"வேணாம்னா விட்டுடு. ஒருவேள வேணும்னு தோணுச்சுன்னா மலை மேல எங்கடா போவ?"

பெட்டியை அப்படியே பேருந்தில் ஏற்றினேன்.

கேமரன் மலையில் கவிதா என்னை ஒரு வளைவில் நிறுத்தினாள். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் காய்கறிக் கடைகள். நீளமான வார் வைத்த துணிப் பை ஒன்றைக் கொடுத்தாள். அதற்குள் இரண்டு இட்லிப் பொட்டலங்கள், அப்புறம் அவர்கள் 'ஜெல்' என்று சொல்கிற சத்துக் கூழ், சின்னச் சின்னப் பைகளில். அதை ஓட்டிக்கொண்டே பல்லால் கிழித்து உறிஞ்சுவார்களாம்.

"வாரப் பிடிச்சு கைய நீட்டிட்டு நில்லுங்க. அவன் வர்ற வேகத்துலயே எடுத்துப்பான். வேற ஒண்ணும் செய்யாதீங்க. ஓகே?"

"நான் பாக்காத பந்தயமா?" என்றேன்.

அவள் வேனில் ஏறி முடிவுக்கோட்டுக்குப் போய்விட்டாள். நானும் பையும் மாமாவின் பார்சல் பெட்டியும் தனியாக நின்றோம். பையைத் திறந்து பார்த்தேன். இரண்டே இரண்டு வெறும் இட்லிகள். காலையிலிருந்து மலை ஏறிக்கொண்டிருக்கிற பையன். தொண்டை வறண்டிருக்கும். இந்தக் காய்ந்த இட்லியை எப்படி விழுங்குவான்? நெஞ்சை அடைக்காதா? எனக்கு விக்கல் வந்தது. சத்தியமாக வந்தது. கை தானாகப் பெட்டிக்குள் போய் ஒரு குட்டித் தலையணையை எடுத்துப் பையில் போட்டது. தாயாருக்கு நிகராக நடந்துகொண்ட பெருமிதத்தோடு வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. அடுத்து ஏழெட்டுப் பேர் முன்னணிக் கூட்டமாக வந்தார்கள். நடுவில் மஞ்சள் ஜெர்சியில் ஒரு நெட்டை ஐரோப்பியர். அவர் பின்னாலேயே வெள்ளை ஜெர்சியில் நம் பிரகாஷ். சலவைக்காரர் இப்போதுதான் மடித்துக் கொடுத்தது போல அவ்வளவு வெள்ளை. கையை நீட்டினேன். சரக்கென்று பையைப் பறித்துக்கொண்டு போனான். ஒரு பிழையும் இல்லை. என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காகச் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

பக்கத்தில் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், அந்த மலையிலேயே பிறந்த தமிழர், போனில் நேரலை ஓடவிட்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். திரையில் பிரகாஷ் பையைக் கழுத்தில் மாட்டி, உள்ளே கைவிட்டு, இட்லியை எடுத்து முதுகுப் பக்கப் பாக்கெட்டில் செருகினான். மறுபடி கை உள்ளே போனது. குட்டித் தலையணை வெளியே வந்தது. அவன் கண் சாலையில் இருந்தது. கைக்கு மெத்தென்று ஒன்று அகப்பட்டால் ஜெல் என்றுதானே நினைப்பான்? அப்படியே வாய்க்குக் கொண்டுபோய் மூலையைக் கடித்து இழுத்தான்.

ஆங்கில வர்ணனையாளர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"ஐயோ, அந்தத் தம்பிக்கு என்னாச்சு?" என்றார் கடைக்காரர். "நெஞ்செல்லாம் மஞ்சளாயிருக்கே!"

நான் பெட்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன்.

அவர் போனைக் கண்ணருகில் கொண்டுபோனார். "தோள்ல பச்சையா ஏதோ ஒட்டியிருக்கு பாருங்க."

"முருங்கைக்காய்" என்றேன்.

"முருங்கைக்காயா?"

"மாதிரி இருக்கு" என்றேன்.

வர்ணனையாளருக்குப் பேச்சு திரும்பியது. இப்போது இரண்டு மஞ்சள் ஜெர்சிகள் தெரிகின்றனவே என்று குழம்பினார். உண்மையான மஞ்சள் ஜெர்சிக்காரர் திரும்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, நாலு முழம் தள்ளிப் போனார். பிரகாஷ் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓட்டினான். மாமா சாம்பாரில் காரத்துக்குக் குறை வைக்கிறவர் இல்லை. ஐம்பது அடி ஓட்டிப் பார்த்துவிட்டு முடியாமல், சாலையோரம் ஒரு ஸ்ட்ராபெரிக் கடை முன்னால் காலை ஊன்றினான். கடைக்கார அம்மாள் ஒரு வாளித் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தார். அதற்குள் முன்னணிக் கூட்டம் அடுத்த வளைவில் மறைந்துவிட்டது. அதில் அவனுக்கு அடுத்த இடத்திலிருந்த இளைஞனும் இருந்தான். வெள்ளை ஜெர்சி அவனுக்குப் போகப்போகிறது என்று வர்ணனையாளர் அறிவித்தார்.

நாலு வருஷ உழைப்பு, அந்த ஐரோப்பியக் குழு, தம்பிக்காகத் தன் லீவையெல்லாம் செலவழித்த கவிதா என்று எல்லாம் கண்முன் வந்தது. வெட்கம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது அழுகை. சிராங்கூன் சாலைக் காளியம்மாவிலிருந்து மலைக்கோட்டைப் பிள்ளையார்வரை எல்லோரையும் கூப்பிட்டேன். கடைக்காரர் பரிதாபப்பட்டு ஒரு தக்காளி கொடுத்தார்.

பிரகாஷ் மறுபடி ஏறி மிதித்தான். அந்த ஏற்றத்தில் அவன் ஓட்டியதை இன்றும் வீடியோவில் பார்க்கலாம். ஒற்றைக் கண் சிவந்து, நெஞ்சில் பருப்பு காய்ந்து, ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டே போனான். முன்னணியைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் முந்தைய நாட்களில் சேர்த்து வைத்திருந்த நேரம் கைகொடுத்தது. மயிரிழையில் வெள்ளை ஜெர்சி தப்பியது.

நான் முடிவுக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கவிதா அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மோந்து பார்த்தாள். தலையைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"வேற ஒண்ணும் செய்யாதீங்கன்னு..."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"தொண்டை அடைச்சுக்குமேன்னு..."

"சின்ன வயசுலேர்ந்து ரேஸ் பாக்குறேன்னீங்களே. அதுல யாராவது சாம்பார் ஊத்திச் சாப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?"

"போன மாசத்துலேர்ந்துதான் பாக்குறேன்" என்றேன். பொய் சொல்ல அதற்கு மேல் தெம்பு இல்லை.

திரும்பும் வழியெல்லாம் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. சிங்கப்பூருக்குள் நுழைகிற ஜோகூர் பாலத்துக்கு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை நெரிசல். வேன் நகரவில்லை. எல்லோருக்கும் பசி. வேறு எதுவும் இல்லை. கடைசியில் பிரகாஷ்தான் வாயைத் திறந்தான்.

"அண்ணே, அந்த இட்லி மிச்சம் இருக்கா?"

கொடுத்தேன். ஒரு வாய் மென்றான். விழுங்கச் சிரமப்பட்டான். என்னைப் பார்த்தான்.

"அந்த... மஞ்சப் பாக்கெட்டு?"

கவிதா தன் மருத்துவப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். பாக்கெட்டை உடம்பிலிருந்து தள்ளி ஜன்னலோரமாகப் பிடித்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சை செய்வதுபோல் மூலையைக் கத்தரித்தாள். ஒரு துளி சிந்தவில்லை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் சோதனைச் சாவடி வரும்வரை நிறுத்தவில்லை. ஆறிப்போன சாம்பாரை வேன் முழுக்கக் குடித்துத் தீர்த்தது. இவளைத் தவிர யாரையும் கல்யாணம் செய்துகொள்வதில்லை என்று அந்தப் பாலத்தின் மேல்தான் முடிவு செய்தேன். (அவள் முடிவு செய்ய இரண்டு வருடம் எடுத்துக்கொண்டாள்.)

ஐரோப்பியக் குழு பிரகாஷைக் கூப்பிட்டது. அங்கே மூன்று பருவங்கள் ஓட்டினான். தன் சாம்பாரால்தான் பையன் ஜெயித்தான் என்று மாமா இன்றும் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் கல்யாணப் பந்தியில் வாளி வந்ததும் பிரகாஷின் குழு மொத்தமும் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டது. அதோடு விடவில்லை. நான் எதைக் கொடுத்தாலும், தீபாவளிப் பரிசானாலும் தலைவலி மாத்திரையானாலும், பிரகாஷ் முதலில் அதை அமுக்கிப் பார்ப்பான். அப்புறம்தான் வாங்குவான்.

சென்ற வருடம் எங்கள் மகளுக்குப் பெயர் வைத்தோம். வீடு நிறைய ஆட்கள். குழந்தைக்கு இடுப்புத் துணியை நானே கட்டி, தாய்மாமன் கையில் கொடுத்தேன். பிரகாஷ் அவளை ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தான். ஒரு விரலால் அந்தத் துணியை லேசாக அமுக்கினான்.

"அத்தான், இது யாரு கட்டினது?"

"நான்தான்."

"டைட்டா கட்டினீங்களா?"

பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கும் அவன் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தான்.