சுவரைப் பார்த்த பெஞ்சு

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகன், கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திக்கொண்டவன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அப்பா மூவரும் நலம். அங்கே சித்தி நலமா? நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதத்தில் ஒன்பது இடத்தில் அடிக்கோடு போட்டிருப்பதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஓர் ஊரைப் பார்த்து இன்னோர் ஊர் கற்றுக்கொள்ளும் திட்டத்தை ஆரம்பித்ததே நீங்கள்தான். எங்கள் நூலகத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்குப் போட்ட சரிவைப் பார்த்து உங்கள் ஊர் கற்றுக்கொண்டது. தனியாக இருப்பவர்கள் வந்து உட்கார்ந்து பேச உங்கள் ஊரில் போட்ட பெஞ்சைப் பார்த்து நாங்கள் கற்றுக்கொண்டோம். எங்கள் ஊரில் பெஞ்சைப் போட்டுப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்கு வாங்கித் தந்ததும் நீங்கள்தான். எல்லாம் சரி. ஆனா நீங்க அனுப்பின போட்டோவுல பெஞ்சு சுவரைப் பார்த்துத்தானே இருந்துச்சு? நானும் டேப் வெச்சு அளந்து, சுவருக்கு நாலடி தள்ளி, சுவரைப் பார்த்தே போட்டு, தரையில போல்ட் அடிச்சு இறுக்கிட்டேன். பெயிண்ட் காயட்டும்னு அன்னிக்கு மட்டும் திருப்பி வெச்சிருந்தோம்னு இப்ப எழுதுறீங்க. போட்டோ பின்னாடி ஒரு வரி எழுதியிருந்தா கை சுளுக்கியிருக்குமா?

எங்க ஊர்த் தலைவர் வந்து பார்த்துட்டு, "என்னடா இது, எல்லாரையும் தண்டனைக்கு உட்கார வெச்ச மாதிரி இருக்கு?"ன்னாரு. "அந்த ஊர்ல இப்படித்தான் சார்"னேன். "அப்ப ஏதோ விஷயம் இருக்கும்"னு அவரே முதல்ல உட்கார்ந்து சுவரை முறைச்சுட்டுப் போனாரு. முதல் வாரம் வேற ஆளே வரல. ரெண்டாவது வாரம் தையல்காரர் கால் வலிக்குதுன்னு உட்கார்ந்தாரு. பக்கத்துல வெல்டர் உட்கார்ந்தாரு. அவரு பத்து வருஷமா "ம்"முக்கு மேல பேசாத மனுஷன். அவரு சுவரைப் பார்த்துக்கிட்டே, "கண்ணு மங்குதுங்க. வீட்டுல சொல்லல"ங்கறாரு! தையல்காரரும் சுவரைப் பார்த்துக்கிட்டே, "எனக்கும்தான். ஊசியில நூல் கோக்க நாலு தடவை ஆகுது"ங்கறாரு. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ரெண்டு பேரும் வாயே மூடல. வியாழக்கிழமை ஒண்ணாப் போய்க் கண் டாக்டரைப் பார்த்துட்டு, ஒரே மாதிரி கண்ணாடியோட வந்து நிக்கிறாங்க. தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தா, போறவன் வர்றவனுக்குத் தலையாட்டியே பொழுது போயிருக்கும். இப்ப சாயந்திரமானா துண்டு போட்டு இடம் பிடிக்கிறாங்க சித்தப்பா.

சனிக்கிழமை எங்க பெஞ்சைப் பார்க்கப் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு வர்றீங்க, அதுக்குள்ள பெஞ்சைத் திருப்பணும், இல்லன்னா எனக்கு வேலை கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. திருப்ப மாட்டேன். காரணம் உங்க அண்ணன். நான் காலேஜை விட்ட நாள்ல இருந்து எட்டு மாசம் அப்பா என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசல. நான் கண்ணு முன்னாடியே நிப்பேன், "அவனைத் தள்ளி நிக்கச் சொல்லு, டிவி மறைக்குது"ன்னு அம்மாகிட்ட சொல்வாரு. "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?"ன்னு அம்மா கத்துவாங்க. போன செவ்வாய்க்கிழமை அவரு பெஞ்சுக்கு வந்தாரு. என் பக்கத்துல மட்டும்தான் இடம் இருந்துச்சு. முனகிக்கிட்டே உட்கார்ந்தாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர் இல்லையா, நேரா முன்னாடி பார்த்தாத்தான் அவருக்குப் பேச்சே வரும் போல.

"போல்ட்டு நீ அடிச்சதா?"

"ஆமாப்பா."

"ஆடல."

அப்புறம், "காலேஜ்ல எவனாவது ஏதாவது சொன்னானாடா?"ன்னு கேட்டாரு. எட்டு மாசத்துல இதை யாருமே கேட்கல சித்தப்பா. நீங்களும்தான். "இல்லப்பா. உட்கார முடியல, அவ்வளவுதான்"னேன். "எனக்கும் ஸ்கூல்ல அப்படித்தான்"னாரு. சுவர்கிட்டதான் சொன்னாரு. ஆனா அது எனக்குச் சொன்னது.

அதனால உங்க ஆளுங்களைத் தாராளமா கூட்டிட்டு வாங்க. தப்பாப் பார்த்துப் போட்டது நான்தான்னு பத்துப் பேர் முன்னாடியும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன். நோட்டுல எழுதிக்கிட்டுப் போய் உங்க பெஞ்சையும் திருப்புங்க. போல்ட் அடிச்சுக் கொடுக்க நானே வர்றேன்.

சித்திக்கு என் அன்பும், தம்பி தங்கைகளுக்கு என் முத்தங்களும். உங்கள் முதுகுவலி குறையவும், அதோடு சேர்ந்து கோபமும் குறையவும் மனதார வேண்டும்,

உங்கள் அண்ணன் மகன்,
பெஞ்சுப் பொறுப்பாளன்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப் போனால், தலைவர் உங்களுக்குப் பயந்து வெல்டரை வைத்தே போல்ட்டைக் கழற்றி, பெஞ்சைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டார். வெல்டரும் "ம்"னு கழட்டிக் குடுத்துட்டு, நேரா வீட்டுக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துட்டாரு. தையல்காரர் கடை ஸ்டூலோட வந்துட்டாரு. பெஞ்சுல ஈ, காக்கா இல்ல. ஆகவே மேலே பெஞ்சு என்று வரும் இடத்தில் எல்லாம் நாற்காலி என்று படித்துக்கொள்ளவும். இவ்வளவு நீளமாகச் சண்டை போட்டு எழுதியிருக்கவே வேண்டாம். அப்பா இப்பத்தான் வீட்டுல இருந்து கிளம்பிப் போறாரு. கையில ரெண்டு நாற்காலி.